மைக்கில் வாசிக்கப்பட்ட பரீட்சை

உட்கார்ந்து படிக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே புத்தகமும் கையுமாக நடந்துகொண்டேதான் படிப்பேன். ஆனால் அந்த வருடம் நடந்தது போல நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. வேலை முடிந்து காலேஜ் பஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டதும் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று, துணிக் கம்பிக்குக் குனிந்து அந்தப் பக்கம் ஒரு சுற்று. கீழே அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு என் காலடிச் சத்தம் தலைக்கு மேலே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். "மேல என்ன மாட்டையா கட்டிருக்கு" என்று அக்கம்பக்கத்தில் கேட்டதாக அவள் சொன்னாள். அவளே இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பாள்.

கையில் காலண்டர் தாள்கள் இருக்கும். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விதை, உரக் கடை. உரக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த போன வருடக் காலண்டர்கள் கட்டுப் பிரிக்காமல் கடையில் கிடந்தன. தேதித் தாளின் பின்பக்கம் வெள்ளை. ஒரு தாளுக்கு ஓர் இங்கிலீஷ் வினைச்சொல் என்று எழுதி வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர வேண்டுமென்றால் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதில் கணக்கு எனக்குப் பிரச்சினையே இல்லை. இங்கிலீஷ்தான் கழுத்தைப் பிடித்தது. சென்னையில் வேலை பார்த்த கூட்டாளி ஒருத்தி தடித்த வார்த்தைப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தாள். அதிலுள்ள வார்த்தைகளை அமெரிக்காக்காரனே வீட்டில் பேசமாட்டான் என்பது என் எண்ணம்.

பெயர்ச்சொல்லும் உரிச்சொல்லும் எப்படியோ மண்டையில் தங்கிவிட்டன. வினைச்சொற்கள் மட்டும் காலையில் ஏற்றினால் மாலையில் இறங்கிவிடும். ஒரு வாரம் இப்படியே போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. வினை என்றால் யாராவது செய்ய வேண்டும். செய்கிற ஆள் இல்லாமல் வெறும் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணுவேன்? அன்றிலிருந்து ஒவ்வொரு வினைக்கும் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்துப் போட ஆரம்பித்தேன்.

'பிளக்கேட்' என்றால் கோபமாக இருப்பவரைத் தடவிக்கொடுத்து இறக்குவது. அது அம்மாவுக்குப் போனது. பால்காரர் முதல் பங்குச் சாமியார் வரை யார் முகம் சுளித்தாலும் அம்மா காப்பி டம்ளரோடு போய் நிற்பாள். 'மீயாண்டர்' என்றால் வளைந்து வளைந்து போவது. எங்கள் காலேஜ் பஸ்ஸைவிட அதற்குப் பொருத்தமானவர் உலகத்தில் இல்லை. வேடசந்தூர் ரோட்டில் நேராகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். அது ஊரிலுள்ள சந்துபொந்தெல்லாம் நுழைந்து, மில் பஸ்களுக்கெல்லாம் வழிவிட்டு, எங்களைக் கசக்கிப் பிழிந்துதான் கொண்டுபோய் இறக்கும். 'கபிச்சுலேட்' என்றால் சரணடைவது. அது எங்கள் துறைத்தலைவருக்கு. நிர்வாகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். 'அப்ஸ்காண்ட்' என்றால் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவது. அதை யாருக்கும் கொடுக்காமல் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

'எக்விவோகேட்' என்று ஒன்று உண்டு. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நடுவில் நழுவுவது. அந்தத் தாளை எழுதும்போதே அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை.

அப்பாவின் வாயிலிருந்து 'முடியாது' என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. 'முடியும்' என்பதும் வராது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வரும் விவசாயி, "ஏனுங்க, இந்த மருந்து பூச்சிக்குக் கேக்குமுங்களா?" என்பார். "அடிச்சுப் பாப்போம்" என்பார் அப்பா. "மழை வருமுங்களா, வெங்காயம் நடலாமுங்களா?" என்றால், "பாப்போம்." பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள் என்று நான் கேட்டாலும் அதே பாப்போம்தான். கடைசி நாள் வரை பார்த்துக்கொண்டே இருப்பார், பஸ் போய்விடும். கெட்ட மனிதரில்லை. யார் மனமும் கோணக் கூடாது என்று நினைத்து நினைத்தே எல்லோரையும் அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். எனக்கு அது ஆத்திரமாக வரும். நான் எதையும் படபடவென்று முடித்துவிடுகிற ரகம்.

நான் ஏன் போக வேண்டும் என்று துடித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் முடித்த கையோடு ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். செல்போன் ஊருக்குள் அப்போதுதான் தலைகாட்டிய சமயம். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "மேடம், பேசிக்கிட்டே இருக்கும்போது குரல் ஏன் துண்டுதுண்டா வருது?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒற்றை வரி இருந்தது. அந்த வரியையே நான் இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். அவள் "சரிங்க மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் புரியவில்லை என்று எனக்குத் தெரியும், எனக்கே புரியவில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. கல்லூரி நூலகத்தில் தேடினேன். காந்திகிராமம் வரை போய் அங்கே தெரிந்தவர் மூலமாகவும் புத்தகம் கேட்டுப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் அந்த ஒற்றை வரியின் தம்பி தங்கைகள். இப்படியே முப்பது வருடம் ஒரு வரியை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தப் போகிறேனா என்ற எண்ணம் வந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. அந்த முட்டல் பிறகு அடங்கவே இல்லை.

இதற்கு நடுவில்தான் சம்பந்தம் வந்தது. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பம்தான். வத்தலக்குண்டுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. பையனுக்கு அங்கேயே வங்கி வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு குறை இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். பையனின் அம்மா கோயிலில் மாதா சபைத் தலைவி. பீடத்துக்குப் பூ வைக்கிற பெண்களை அவர் வைகிறபோது நான் பார்த்திருக்கிறேன். 'பெரேட்' என்ற வினைச்சொல்லை அவருக்குக் கொடுத்து வைத்திருந்தேன், ஆளை நிற்க வைத்து வறுத்தெடுப்பது என்று பொருள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பிள்ளைகள் கண்ணெதிரே இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முன்னால் ஐப்பசியில் முடித்துவிடலாம் என்று பேச்சு. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை இருந்தால் தெரியப்படுத்துங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை மைக்கில் படிப்பார்கள். முதல் ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான். பரீட்சைத் தேதியோ மூன்றாவது ஓலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் வந்தது.

நான் வீட்டில் சண்டை போட்டேன். அம்மா அழுதாள், நானும் அழுதேன். கடைசியில் அம்மா ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள்.

"எழுதுறத எழுதிக்கோ. வெளிய மூச்சு விடக்கூடாது. நல்ல மார்க் வந்துச்சுன்னா அப்பப் பேசிக்கலாம். வரலைன்னா ஒண்ணுமே நடக்கலை, கல்யாணம் பாட்டுக்கு நடக்கும்."

"வந்துச்சுன்னா கல்யாணத்த நிறுத்துவீங்களா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"பாப்போம் பாப்பா," என்றார் அப்பா.

ஒப்புக்கொண்டேன். ஒளித்து வைப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. தோற்றால் யாருக்கும் தெரியாது. தெருவில் நாலு பேர் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து என் கால் தரையில் நிற்கவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே குதிகால் ஆடும். சாப்பிட உட்கார்ந்தால் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொள்ளாமலே வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன். வினைச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். நாள் நெருங்க நெருங்க, புதிதாக ஒன்று உள்ளே போனால் பழையது ஒன்று வெளியே வந்தது.

முதல் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. இரண்டாவது பூசைக்கு மூவரும் போயிருந்தோம். பெண்கள் பக்கத்தில் நானும் அம்மாவும். முன் வரிசையில், நீலக் கரை போட்ட சபைச் சேலையில் பையனின் அம்மா. பூசை தொடங்கும் முன், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அன்றைய திருப்பலிக் கருத்துகளை வாசிப்பார். யார் எதற்காகப் பூசை கொடுத்திருக்கிறார்கள் என்ற விவரம் அது. இறந்த தகப்பனாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அந்தோணியாருக்கு நன்றியாக, புது வீட்டுக்காக என்று போகும். வெளியே சொல்ல முடியாத சங்கதி என்றால் 'தனிக் கருத்துக்காக' என்று மட்டும் வாசிப்பார்கள். கடன், பிள்ளையில்லாமை, குடிகாரப் புருஷன் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடக்கம். ஞானஸ்நானம் வாங்கின யாருக்கும் அது தெரியும். மணிக்கூண்டில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கோயிலுக்குள் வராதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் காதில் வாங்காமல் மனதுக்குள் வினைச்சொல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது மைக்கில் என் பெயர் வந்தது. எங்கள் தெருப் பெயர், அப்பாவின் பெயர், உரக்கடை என்ற அடையாளம் எல்லாம் வரிசையாக வந்தன. "இவருடைய மகள், அமெரிக்க நாட்டில் மேற்படிப்புக்கான தேர்வை நல்ல முறையில் எழுதி, அங்கே சென்று படிக்க இறைவன் அருள்புரிய வேண்டி, தந்தை." உபதேசியார் நிறுத்தி நிதானமாக, அமெரிக்க என்ற சொல்லுக்கு ஓர் அழுத்தம் கொடுத்து வாசித்தார்.

என் முழங்காலை அம்மாவின் கை வந்து பிடித்தது. சுற்றிலும் முகங்கள் திரும்பின. பையனின் அம்மா மட்டும் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்து நேராக்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா தூணுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பீடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அம்மா வெடித்தாள்.

"தனிக் கருத்துன்னு ஒரு வார்த்த. அத சொல்லத் தெரியலையா உங்களுக்கு? இம்புட்டு வயசாச்சு, கோயில்ல என்ன குடுக்கணும், எப்படிக் குடுக்கணும்னு தெரியாதா?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இப்படி முழுசா வாசிப்பாகன்னு நெனைக்கலை," என்றார்.

"வாசிக்கத்தான எழுதிக் குடுத்தீக? வேற எதுக்கு?"

"பிள்ளைக்கு வேண்டிக்கலாம்னு குடுத்தேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுவதும் வாயைத் திறக்காத மனிதர், திறக்கக் கூடாத ஒரே சமயத்தில் ஊருக்கே மைக் போட்டுத் திறந்திருக்கிறார். 'ப்ளண்டர்', அதாவது மடத்தனமாகச் சொதப்புவது, என்று ஒரு தாள் எழுதி அவருக்குக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். அன்று மதியம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று மணி வாக்கில் பையனின் அம்மா வந்தார். தனியாகத்தான் வந்தார். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தெருவைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார், விசிறியைப் போடச் சொன்னார். அம்மா ஓடிப்போய்க் காப்பி கொண்டுவந்தாள்.

"அது ஒண்ணுமில்ல மதினி," என்று அம்மா ஆரம்பித்தாள். "காலேஜ்ல பிரமோஷனுக்கு ஏதோ ஒரு பரீட்சை எழுதச் சொல்றாக. இவரு அதப் புரிஞ்சுக்காம அமெரிக்கா கிமெரிக்கான்னு எழுதிக் குடுத்துட்டாரு."

அவர் அம்மாவை வெட்டிப் பேசவில்லை. முடிக்கும்வரை கேட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கணும். எழுதிக் குடுக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டால் பையனின் அம்மா எழுந்து போய் ஓலை எழுதிக் கொடுத்துவிடுவார் என்றும் தெரியும். வேண்டாம் என்று சொல்லாதது எல்லாமே எங்கள் ஊரில் சம்மதம்தான்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பாப்பாவையே கேளுங்க தங்கச்சி."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாதக்கணக்காக உருப்போட்ட அத்தனை வினைச்சொல்லும் எங்கே போயினவோ. மறுக்க, தயங்க, தவிர்க்க, நயமாக விலக என்று அந்த ஜெராக்ஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வார்த்தைகள் உண்டு. கால் ஆடியது. அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எழுத வேண்டாம் அத்தை," என்றேன். "எனக்குப் போகணும். உங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல. எனக்குப் படிக்கப் போகணும்."

"பரீட்சையில வரலைன்னா?"

அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஒப்பந்தப்படி வரவில்லையென்றால் கல்யாணம். "வரலைன்னா மறுபடி எழுதுவேன் அத்தை," என்றேன். சொன்ன பிறகுதான் அதுதான் உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவர் காப்பியை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இத அன்னைக்கே சொல்லிருந்தா நானும் நாலு பேர்ட்ட சொல்லிருக்க மாட்டேன்ல," என்றார். குரல் லேசாக உடைந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நல்லா எழுது," என்றார். அதைக் கோபத்தில் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று அவர் போன பிறகும் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'பெரேட்' தாளில் அவர் பெயரை அன்றே அடித்துவிட்டேன். அவர் என்னை ஒரு வார்த்தை வையவில்லை.

அடுத்த மூன்று வாரம்தான் நரகம். அம்மா எங்கள் இருவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைக்கிற சத்தத்தில் அவள் சொல்ல வந்ததெல்லாம் இருந்தது. வீட்டுக்கு வெளியே அதற்கு நேர்மாறு. பார்க்கிறவர்கள் எல்லாம் என்னோடு பேசினார்கள். காலேஜ் பஸ் டிரைவர், "எப்பம்மா அமெரிக்கா?" என்றார். பூக்கடை அக்கா முழம் போட்டுக்கொண்டே, "பரீட்சை கஷ்டமா?" என்றாள். துறைத்தலைவர் கூப்பிட்டு, பாதி வருடத்தில் வேலையை விட்டுப் போவது நியாயமா என்று கேட்டார். நான் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. ஊர் எனக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.

தோற்பதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மாடியில் நடந்தால் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "படிக்குது, சத்தம் போடாதீக," என்று யாரோ பிள்ளைகளை அதட்டும் குரல் கேட்கும். அந்தக் குரலாலேயே படிப்பு ஓடாது. காற்றடித்துக் காலண்டர் தாள்கள் கையிலிருந்து பறந்தன. பிடிக்க ஓடினால் வேறு நாலு பறக்கும். ஒருநாள் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எல்லாம் அப்பாவால்தானே என்று நினைத்தேன். அப்படியே படியிறங்கி, செருப்பை மாட்டி, கடைக்குப் போய்விட்டேன்.

மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. அப்பா தக்காளி விதைப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"தனிக் கருத்துன்னு குடுத்திருக்கலாம்லப்பா?"

"குடுத்திருக்கலாம்," என்றார்.

"தெரியாமத்தான குடுத்தீங்க?"

பாக்கெட்டுகளின் ஓரத்தைத் தட்டித் தட்டி நேராக்கினார்.

"உபதேசியார் கேட்டாரு," என்றார் பிறகு. "பொம்பளப்பிள்ள விசயம், தனிக் கருத்துன்னு போட்டுரட்டுமான்னு ரெண்டு தடவ கேட்டாரு. நான்தான் வேண்டாம், உள்ளபடி வாசிங்கன்னு சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"நம்ம வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா என்ன நடந்திருக்கும்? ஓலை வாசிப்பாக. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரெண்டாவது வாசிப்பாக. அப்பயும் சொல்ல மாட்டேன். நீ என் மூஞ்சியப் பாப்ப. நான் பாப்போம்னு சொல்லுவேன். கல்யாணம் முடிஞ்சிருக்கும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னைய எனக்குத் தெரியும் பாப்பா. ஊருக்கே தெரிஞ்சுட்டா அப்பறம் நான் பின்வாங்க முடியாதுல்ல. அதுக்குத்தான்."

"அம்மாட்ட தெரியாமக் குடுத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"அவ என்னையத்தான் வைவா. வஞ்சுட்டுப் போகட்டும்."

அப்பாவை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரோ தன்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். தன் குணத்துக்குப் பயந்து, அதனிடமிருந்து என்னைக் காப்பாற்றுவதற்காக, ஊர் முன்னால் விவரம் தெரியாத ஆளாக நின்றிருக்கிறார். பையனின் அப்பா எங்கள் கடையில் பல வருடமாக உரம் வாங்குகிறவர். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் எதிர்க் கடையில் வாங்குவதை அப்பா இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதைப் பற்றி எங்களிடம் ஒரு பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து தாள்களைக் கலைத்து அவருடைய 'எக்விவோகேட்' தாளைத் தேடி எடுத்துப் பெயரை அடித்தேன். வேறு வினை ஒன்று கொடுக்க வேண்டுமே என்று ஜெராக்ஸ் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். பொருந்துவதாக ஒன்றும் அகப்படவில்லை. அவர் செய்த காரியத்துக்கு இங்கிலீஷில் மட்டுமல்ல, தமிழிலும் எனக்குச் சொல் தெரியவில்லை.

பரீட்சை சென்னையில். கடையை விட்டு அப்பாவால் வர முடியவில்லை. யாரோடு போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா எலுமிச்சம் சாதம் கட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அப்போதும் பேசவில்லை. காலை ரயிலில் வடமதுரை தாண்டியதும் முதல் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "தின்னு," என்றாள். அது அவள் சமாதானம். திருச்சி வரும்வரை நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டு வந்தேன்.

மறுநாள் குளிரூட்டிய ஓர் அறையில் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார வைத்தார்கள். எழுந்து நடக்கக் கூடாது. அதுவே எனக்குப் பாதித் தண்டனை. கேள்விகள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. வினைச்சொல் வந்தால் ஆளும் கூடவே வந்தார். 'பிளக்கேட்' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டபோது, வெளியே வேப்பமரத்தடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் வந்தது. நான் படித்தவற்றில் பாதிகூட வரவில்லை. வந்தவற்றில் சிலவற்றுக்கு நான் போட்டு வைத்திருந்த ஆட்கள் இப்போது பொருந்தவில்லை என்று ஒரு கணம் தடுமாறினேன். முடிந்ததும் மதிப்பெண் திரையிலேயே வந்துவிட்டது. கணக்கில் எதிர்பார்த்தது போலவே. இங்கிலீஷில் நான் ஆசைப்பட்டதைவிடக் குறைவு. ஆனால் நான் குறித்து வைத்திருந்த கல்லூரிகளில் ஒன்றிரண்டுக்குப் போதும். போதும் என்று தெரிந்த பிறகும் இரண்டு தடவை பார்த்தேன்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். வேர்க்கவேயில்லை எனக்கு. "மொதல்ல அவருக்குப் போனப் போடு," என்றாள். தெருமுனையில் ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. கடை நம்பரைப் போட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பார்.

"அப்பா, மார்க் வந்துருச்சு," என்று சொல்லி எண்ணைச் சொன்னேன். அது நல்ல மார்க்கா இல்லையா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நான் விளக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பக்கம் யாரோ ஒரு விவசாயியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, பாப்பா பரீட்சைங்களா? பாஸாயிருச்சுங்களா?"

"போறா," என்றார் அப்பா. "என் மக போறா."

நான் இன்னும் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டேன். அப்பா என்னோடு பேசுவார் என்று காத்திருந்தேன். ரிசீவரை மேஜை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. கடைச் சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்டது. விவசாயி ஏதோ விதை கேட்டார். "செத்த நேரம் இருங்கண்ணே," என்றார் அப்பா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மா, என்ன என்று கையால் கேட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன், அவர் அழுது முடிக்கட்டும் என்று.